மணி அடிக்காத வியாழக்கிழமைகள்

எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்துக்குச் சொந்தமாகப் பித்தளை மணி ஒன்று உண்டு. வியாழக்கிழமைதோறும் இரவு ஏழரை மணிக்கு, கடைத்தெருக் கல்யாண மண்டபத்தின் மாடியில், தலைவர் ஒரு சிறு மரச் சுத்தியால் அதைத் தட்டியதும், அதுவரையில் நெல் விலையைப் பற்றியும் பேரன் பேத்திகளின் பரீட்சையைப் பற்றியும் சம்பாஷித்துக்கொண்டிருந்த, முப்பத்தெட்டு அங்கத்தினர்களில் வந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவதும், சென்ற வாரத்து நடவடிக்கைக் குறிப்பைக் காரியதரிசி வாசிப்பதும், வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் வாழ்க்கையில் வெற்றி பெறும் மார்க்கத்தை விஸ்தாரமாக எடுத்துரைக்க, நாங்கள் கீழ்த்தளத்திலிருந்து படியேறி வரும் சாம்பார் வாசனையின் மீது சித்தத்தைச் செலுத்தியபடியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் பல ஆண்டுகளாகத் தவறாமல் நடந்துவந்த கிரமம். 2020 மார்ச் 12-ஆம் தேதி இரவு அந்த மணி கடைசியாக ஒலித்தது. மறு வாரம் மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடையுத்தரவு வந்தது. 25-ஆம் தேதி தேசமே வீட்டுக்குள் அடங்கியது. அந்த ஆண்டுக்குக் காரியதரிசி நான். ஆகையால் மணியும் சுத்தியும் பழைய வேஷ்டித் துணி ஒன்றில் சுற்றப்பட்டு என் வீட்டு பீரோவின் மேல்தட்டுக்கு வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு சங்கம் உயிரோடு இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று சொல்லலாம். எப்படி இருந்தது என்பதில்தான் எனக்கும் என் சகாக்கள் பலருக்கும் அபிப்பிராய பேதம். கம்ப்யூட்டர் திரையில் கூட்டம் நடத்தியதால் பிழைத்தோம் என்பார் சிலர். அரிசியும் கபசுரக் குடிநீரும் வழங்கியதால் பிழைத்தோம் என்பார் வேறு சிலர். மணியோடு கூடவே என் பீரோவுக்கு வந்து சேர்ந்த, அட்டை கிழிந்த இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றால்தான் பிழைத்தோம் என்பது என் கட்சி. முன்னொரு காலத்தில் காரியதரிசியாக இருந்த தபால் இலாகா அன்பர் ஒருவர், அங்கத்தினர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் கல்யாணநாள் வாழ்த்தும் அனுப்புவதற்காக அதை ஆரம்பித்தார். ஆளுக்கு இரண்டு பக்கம். தபால் இலாகாக்காரர் அல்லவா, அரைகுறையாக எழுத அவருக்கு மனம் வரவில்லை. கதவிலக்கம், மனைவியின் பெயர், பிள்ளைகள் இருக்கும் ஊர், ரத்த வகை, வண்டி உண்டா இல்லையா, தொழில் என்ன, வீட்டில் இல்லாதபோது சாவி யாரிடம் இருக்கும் என்பது வரையில் அத்தனையையும் முத்து முத்தான கையெழுத்தில் குறித்துவைத்திருந்தார். அவருக்குப் பின் வந்த காரியதரிசிகளும், எழுதாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்ற ஒரே காரணத்தால், அதைத் தொடர்ந்து எழுதிவந்தார்கள்.

இதைப் போன்ற சங்கங்கள் எதற்காகத் தோன்றின என்பதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. 1905 பிப்ரவரி 23-ஆம் தேதி இரவு, சிகாகோ நகரத்து யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில், பால் ஹாரிஸ் என்ற வக்கீலும், நிலக்கரி வியாபாரி ஒருவரும், சுரங்க என்ஜினியர் ஒருவரும், தையல் கடைக்காரர் ஒருவரும் கூடிப் பேசியதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். ஹாரிஸ், வெர்மான்ட் மாகாணத்தின் சிற்றூர் ஒன்றில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த வாழ்க்கையிலிருந்து, பக்கத்து அறைக்காரனின் பெயர் தெரியாத பட்டணத்து வாழ்க்கைக்கு வந்து, அந்தத் தனிமையைப் பொறுக்கமாட்டாமல் ஸ்நேகம் தேடிப் புறப்பட்டவர். அவர்களுக்கு மண்டபமும் கிடையாது, பித்தளை மணியும் கிடையாது. இந்த வாரம் ஒருவர் அலுவலகம், அடுத்த வாரம் இன்னொருவர் அலுவலகம் என்று சுழன்று சுழன்று கூடியதால்தான் அந்தப் பெயரே ஏற்பட்டது. தமிழில் நம்மவர்கள் சுழற்சங்கம் என்று அழகாக மொழிபெயர்த்ததும் அதனால்தான். ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவர் என்று அங்கத்தினர்களைச் சேர்த்தார்கள். ஊருக்கு உபகாரம் செய்யும் எண்ணம் அதற்குப் பின்னரே வந்தது. 1907-இல் சிகாகோ நகரத்தில் பொதுக் கழிப்பிடம் கட்டுவதற்கு அவர்கள் எடுத்த முயற்சியே ரோட்டரியின் ஆரம்ப கால ஊர்ப்பணி. பன்னீர் தெளித்துத் திறந்துவைக்கக்கூடிய காரியம் அல்ல அது, ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் இது வேறு விதமாக வேரூன்றியது. 1929-இல் சென்னையில் ரோட்டரி ஏற்பட்டபோது அது பெரிய கம்பெனி முதலாளிகளும் உத்தியோகஸ்தர்களும் மதிய உணவுக்குக் கூடும் இடமாக இருந்தது. பின்னர் அது ஜில்லா நகரங்களுக்கும் தாலுகா நகரங்களுக்கும் பரவியபோது, உணவும் உபசாரமும் கூடவே பரவின. வருகைப் பதிவு விஷயத்தில் நெடுங்காலம் மிகுந்த கண்டிப்பு இருந்தது. தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்குக் காரணமின்றி வராதவர் அங்கத்தினர் பதவியை இழக்க நேரிடும். வெளியூர் போனவர் அந்த ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு ஈடுசெய்துகொள்ளலாம். இதற்கு மேக்கப் என்று பெயர். வியாழக்கிழமை தவறிவிட்டது, தஞ்சாவூரில் மேக்கப் செய்துவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. 2016-ஆம் ஆண்டில் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தி, எப்படிக் கூடுவது, எங்கே கூடுவது என்பதை அந்தந்தச் சங்கமே தீர்மானிக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். மாற்றியதை நாங்கள் சுற்றறிக்கையில் வாசித்து, கோப்பில் வைத்து, மறந்துபோனோம். மண்டபத்தைப் பூட்டிய பிறகுதான் அந்தக் கோப்பைத் தேடினோம்.

ஊரடங்கின் முதல் மூன்று வாரங்களில் நாங்கள் செய்தவை பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகமில்லை. ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய், ஒரு சோப்பு அடங்கிய பைகள் நூற்றைம்பது கட்டினோம். பையின் மேல் சங்கத்தின் சக்கரச் சின்னம்; பின்னால் கட்ட ஒரு பேனர். ஒரு மூதாட்டியிடம் ஒரு பையைக் கொடுப்பதற்கு எட்டுக் கைகள் நீண்டன. முகம் தெரிய வேண்டும் என்பதற்காக முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கின. நூற்றைம்பது பைக்கு நானூறு பேர் வந்துவிட்டார்கள். தெருமுனையில் நெரிசல் உண்டானபோது ஜீப்பிலிருந்து இறங்கி வந்த இன்ஸ்பெக்டர், கூட்டத்தைக் கலைப்பதற்கு முன்பு எங்களைப் பார்த்து, “சார், நீங்க குடுக்கறது அரிசியா, கொரோனாவா?” என்று கேட்டார். பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மீதிப் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஏப்ரல் 12-ஆம் தேதி, தனியாரும் கட்சிகளும் தொண்டு நிறுவனங்களும் ஜனங்களுக்கு நேரடியாக உணவு, பொருள் வழங்கக் கூடாது என்று அரசு அறிவித்தபோது மாநிலமெங்கும் பெரும் ஆட்சேபம் எழுந்தது. சில தினங்களில் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு நேரடியாக வழங்குவதை அனுமதிக்கவும் செய்தது. ஆட்சேபித்தவர்களில் நானும் ஒருவன். ஆயினும் தெருமுனையில் தலைகுனிந்து நின்ற அந்த அநுபவத்துக்குப் பிறகு, அந்த அறிவிப்பில் நியாயமே இல்லை என்று என்னால் மனப்பூர்வமாகச் சொல்ல முடியவில்லை.

அதைவிட முக்கியமான விஷயம், எங்கள் பைகள் சேர வேண்டியவர்களிடம் சேரவில்லை என்பது. அரிசி அட்டைதாரர்களுக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் நியாயவிலைக் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தன. வரிசையில் நிற்கக்கூடியவர்களுக்கு ஏதோ ஒரு வழி இருந்தது. நிற்கக் கூசியவர்களுக்கு இல்லை. காவிரிக் கரை ஊர்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் எவை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். அந்த இரண்டு மாத வரும்படியை வைத்து ஆண்டின் பாதியை ஓட்டும் நாதஸ்வர, தவில் வித்வான்கள், சமையற்காரர்கள், பந்தல் போடுகிறவர்கள், பூக்கட்டும் பெண்கள், கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்பவர்கள் ஆகிய இத்தனை பேரும், கல்யாணமும் கோயில் உற்சவமும் ஒருங்கே நின்றுபோனபோது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஊர்வலத்தில் சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கும் வித்வான் ஒருவர் தெருமுனையில் பைக்கு நிற்க மாட்டார்; நிற்கச் சொல்வதும் பாபம்.

வழியைச் சொன்னவர் எங்கள் சங்கத்தின் அரிசி மண்டி அங்கத்தினர். ஒவ்வொரு தெருவிலும் ஒரு சில்லறை மளிகைக் கடை இருக்கிறது. அந்தக் கடையில் நீள நோட்டு ஒன்று தொங்குகிறது. தெருவில் யார் வீட்டில் எவ்வளவு பாக்கி, எந்த வீட்டுக்காரர் இரண்டு வாரமாகக் கடைப் பக்கமே வரவில்லை என்ற சங்கதியெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது என்றார் அவர். நாங்கள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, எந்தெந்தத் தெருவில் நம் அங்கத்தினர் குடியிருக்கிறார் என்று பார்த்து, அவரவர் தெருக் கடைக்காரரிடம் அவரவரையே பேசச் சொன்னோம். பதினொரு கடைகள். பழைய பாக்கியில் ஒரு பகுதியைச் சங்கம் அடைத்துவிடும். மேற்கொண்டு மாதம் இவ்வளவு என்று கடைக்காரரிடம் முன்பணம் கட்டிவிடும். அவர் யாருக்கும் சொல்லாமல், வழக்கம்போல், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சாமானைக் கொடுத்தனுப்புவார். யார் வீட்டுக்குப் போயிற்று என்ற பெயர்களைக் கடைக்காரர் எங்களிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புகைப்படம் எடுக்க ஒன்றும் இல்லாததால், அந்த ஆண்டறிக்கையில் இந்தக் காரியத்துக்கு ஒன்றரை வரிதான் கிடைத்தது. கடைக்காரர்களில் ஒருவர் ஏமாற்றினார் என்று பிறகு தெரிந்தது. பத்துப் பேர் ஏமாற்றவில்லை.

ரத்த விஷயம் இதைவிடக் கடினமானது. பொதுவாக நம் சங்கங்களுக்கு ரத்ததான முகாம் என்றால் கல்லூரி வளாகம், அறுபது மாணவர்கள், பழரசப் பாக்கெட், சான்றிதழ், மாலைப் பத்திரிகைக்கு ஒரு படம் என்று பழக்கமாகிவிட்டது. கல்லூரிகளை மூடியதும் ரத்த வங்கிகளின் அலமாரிகள் காலியாக ஆரம்பித்தன. நோய் அடங்கும்வரை தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது. இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒரு முறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டிய தலசீமியாக் குழந்தைகளுக்குத் தவணை சொல்ல முடியாது. இதில் சாமானியமாக நாம் கவனிக்காத சூட்சுமம் ஒன்று உண்டு. சிவப்பணுக்களை ஐந்து, ஆறு வாரங்கள் வரையில்தான் வைத்திருக்கலாம்; தட்டணுக்களை ஐந்து நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. கொடுத்தவர் ஆணாயின் மூன்று மாதமும் பெண்ணாயின் நான்கு மாதமும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஆகவே ஒரே நாளில் அறுபது பேரைக் கொண்டுபோய் நிறுத்துவதைவிட, தினம் இரண்டு பேராக முப்பது நாள் அனுப்புவதே ஆஸ்பத்திரிக்கு உண்மையான ஒத்தாசை. முகாம் நடத்த முடியாத அந்த நாட்களில்தான் இந்தப் பாடத்தை நாங்கள் படித்தோம்.

நோட்டுப் புத்தகத்தில் ரத்த வகை இருந்தது. அங்கத்தினர்களில் பாதிப் பேர் வயதாலோ சர்க்கரையாலோ ரத்த அழுத்தத்தாலோ கொடுக்க இயலாதவர்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளும் மருமக்களும், கடைச் சிப்பந்திகளும், ரோட்டராக்ட் இளைஞர்களும் இருந்தார்கள். ஒரு பக்கம் ஓ நெகட்டிவ், ஒரு பக்கம் பி பாஸிடிவ் என்று புதிதாகப் பட்டியல் தயாரித்தோம். ரத்த வங்கி கேட்டுக் கொடுக்கும் கடிதத்தைக் கொடையாளரின் கைப்பேசிக்கு அனுப்பி, சோதனைச் சாவடியில் காட்டச் சொல்லி, வண்டி உள்ள அங்கத்தினர் ஒருவர் அவரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எங்கள் பொக்கிஷதார் அந்த ஆண்டு ஓட்டிய தூரத்தை அவர் மனைவி கணக்கெடுத்து வைத்திருக்கிறார்; எதற்காக என்று நான் கேட்கவில்லை.

மே மாதத்தில் ஜூம் வந்தது. பணம் கட்டாமல் உபயோகித்தால் நாற்பது நிமிஷத்தில் கூட்டம் தானே அறுந்துபோகும் என்ற அந்த ஏற்பாட்டை, எங்கள் சங்க சரித்திரத்தில் பேச்சாளர்களுக்குக் கிடைத்த முதல் கட்டுப்பாடு என்று நான் வரவேற்றேன். முதல் கூட்டத்தில் ஒருவர் நெற்றி மட்டும் தெரிந்தது. ஒருவர் வீட்டில் குக்கர் ஐந்து விசில் அடித்து அடங்கும்வரை தலைவர் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். ‘சார், உங்க சத்தம் வரலே’ என்பதே அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் அதிகம் இடம்பெற்றிருக்க வேண்டிய வாக்கியம். சிரித்தோம், முகங்களைப் பார்த்ததில் சந்தோஷமாகவும் இருந்தது. பதினேழு பேர் வந்திருந்தார்கள். பரவாயில்லையே, மண்டபத்துக்கும் இருபது இருபத்திரண்டு பேர்தானே வருவார்கள் என்று தலைவர் திருப்தியோடு சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான்காவது கூட்டம் முடிந்த இரவு என் கைப்பேசி ஒலித்தது. எண்பதை நெருங்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், சங்கம் ஆரம்பித்த நாள் முதல் அங்கத்தினர், பேசினார். மனைவி காலமாகிச் சில வருஷங்கள், மகள் சிங்கப்பூரில், கையில் பொத்தான் வைத்த பழைய போன். க்ஷேம சமாசாரமெல்லாம் விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, “தம்பி, நான் இன்னும் மெம்பர்தானா? சந்தா கட்டலேன்னு பேரை எடுத்துட்டீங்களோ?” என்று கேட்டார்.

ஊரெல்லாம் தர்மம் செய்யப் புறப்பட்ட நாங்கள் எங்கள் வரிசையிலேயே ஒருவரை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அந்த ஒரு கேள்வியில் விளங்கிற்று. மறுநாள் காலை நோட்டுப் புத்தகத்தை எடுத்து, திரையில் முகம் காட்டாத இருபத்தொரு பேரின் பக்கங்களையும் வரிசையாக வாசித்தேன். ஒன்பது பேரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. நான்கு பேர் தனியாக இருப்பவர்கள். ஒருவர் வீட்டில் தொற்று வந்து, அது தெரிந்தால் தெருவில் தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், சங்கத்துக்கே சொல்லாமல் இருந்திருக்கிறார். அன்று முதல் நான்கு பேருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். தினம் மாலை ஒரு தடவை கூப்பிட வேண்டும். விஷயம் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் என் பங்கில் வந்தார். ரயில்கள் ஓடாத அந்த மாதங்களில், நின்றுபோன ரயில்களின் பழைய கால அட்டவணையை அவர் மனப்பாடமாகச் சொல்லக் கேட்டது எனக்குக் கிடைத்த பேறு. மருந்துக் கடை அங்கத்தினர், அவரவர் மாத்திரைச் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துவைத்து, தீரும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் பையனிடம் கொடுத்தனுப்பினார். பால் ஹாரிஸ் சிகாகோவில் தேடி அலைந்தது எது என்பது, எத்தனையோ சொற்பொழிவுகளில் விளங்காதது, எனக்கு அந்த வருஷம் விளங்கியது.

சந்தா விஷயத்தில் பெரிய விவாதமே நடந்தது. கடை திறக்காதவர்களிடம் கேட்கலாமா என்பது ஒரு கட்சி. கேட்காமல் விட்டால் பழக்கம் விட்டுப்போகும் என்பது மற்றொரு கட்சி. கட்ட முடிந்தவர் கட்டட்டும், கட்டாதவர் பெயரைப் பொக்கிஷதாரைத் தவிர யாரும் அறியக் கூடாது என்று முடிவாயிற்று. ஜூலை 1-ஆம் தேதி ரோட்டரி ஆண்டு பிறக்கும் நாள். புதுத் தலைவர் பதவியேற்பு விழா அவர் வீட்டு மொட்டை மாடியில், ஐந்து பேரோடு, பத்து நிமிஷத்தில் முடிந்தது. காரியதரிசிப் பதவிக்கு வேறு யாரும் முன்வராததால் நானே நீடித்தேன். விருந்துக்கும் பேனருக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் வழக்கமாகச் செலவாகும் தொகை அப்படியே மிஞ்சியது. பதவியேற்பு விழாவுக்கு நாம் செய்யும் செலவில் முக்கால் பங்கு வியர்த்தம் என்பதை அந்த மொட்டை மாடியில் நின்றபோது ஐந்து பேருமே ஒப்புக்கொண்டோம். இப்போது கேட்டால் இருவர் ஒப்புக்கொள்ளக்கூடும்.

அந்தப் பணம் 2021 மே மாதத்தில் உதவியது. இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு அலைந்த நாட்களை இங்கே வர்ணிக்க வேண்டியதில்லை. படிப்பவர்களில் பலர் அதை அநுபவித்தவர்கள். இரண்டு ஆக்ஸிஜன் செறிவூட்டிகள் வாங்கினோம். யாருக்குக் கொடுப்பது என்பதைத் தலைவரோ காரியதரிசியோ தீர்மானிக்கக் கூடாது, டாக்டர் அங்கத்தினர் ஒருவரே தீர்மானிப்பார் என்று முதலிலேயே எழுதிவைத்தோம். இல்லாவிட்டால் சிபாரிசு சிபாரிசாக வந்து சங்கமே சுக்குநூறாகியிருக்கும். படுக்கை கிடைக்கும்வரை சமாளிக்கவும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் தேறவும் மட்டுமே அது பயன்படும், ஆஸ்பத்திரிக்கு அது மாற்று அன்று என்பதை வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டியிருந்தது. நோட்டின் கடைசிப் பக்கங்களில் கொடுத்த தேதி, திரும்பிய தேதி என்று இரண்டு பத்திகள் போட்டேன். ஒரு வீட்டிலிருந்து, பெரியவர் போன மூன்றாம் நாள், மகன் இயந்திரத்தைத் தானே சுமந்துகொண்டு வந்தார். குழாயைப் புதிதாக மாற்றி, மேலே தூசி இல்லாமல் துடைத்து, அதில் ஊற்றுவதற்காக வாங்கியதில் மீந்த காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலையும் கூடவே வைத்து, “அடுத்தவங்களுக்கு ஆகும்” என்றார். தேதியை எழுதிக்கொண்டேன். அன்று மாலையே அது வேறு வீட்டுக்குப் போயிற்று.

தொற்றுக் காலத்தில் சேவைச் சங்கங்களின் பழைய காரியங்கள் என்னவாயின என்பதையும் இங்கே பிரஸ்தாபிக்க வேண்டும். போலியோவை ஒழிக்கும் முயற்சியை ரோட்டரி 1985-இல் மேற்கொண்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்து ஹௌராவில் கண்டறியப்பட்ட சிறுமி; 2014 மார்ச் 27-இல் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ அற்றதென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. கொரோனா வந்ததும் உலகெங்கும் வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுக்கும் வேலையைச் சில மாதங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. நம் ஊரில் 2021 ஜனவரி 17-இல் நடக்க வேண்டிய முகாம், கொரோனாத் தடுப்பூசி தொடங்கியதை முன்னிட்டு 31-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. அன்று காலை எங்கள் அங்கத்தினர் எண்மர், முகக்கவசத்தை இந்தத் தடவை தாடைக்கு இறக்காமல், பேருந்து நிலையச் சாவடியில் குழந்தைகளை வரிசைப்படுத்தி, செவிலியர் சொட்டு ஊற்ற ஊற்ற, சுண்டு விரலில் மை வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த வேலையில் புதுமை ஒன்றும் இல்லை, ஆண்டுதோறும் செய்வது. ஊர் முழுவதும் பயந்து கிடந்த வருஷத்திலும் அதைச் செய்தோம் என்பதை, அரிசிப் பைகளைவிட மேலான சாதனையாக நான் எண்ணுகிறேன்.

எங்கள் முப்பத்தெட்டுப் பேரில் மூவரை நோய் கொண்டுபோயிற்று. பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்று, ஒருவர்கூட இறக்காமலே, கலைந்துபோயிற்று. அங்கே பதவியேற்பு விழாவும் ஆண்டு விழாவும் பிரமாதமாக நடக்கும், இடையில் ஒன்றும் நடக்காது என்று முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் மணி மறுபடி மண்டபத்து மாடிக்குப் போனபோது ஸ்டேஷன் மாஸ்டர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, சாம்பாரில் பெருங்காயம் போதவில்லை என்று குறை சொன்னார்.

இப்போது எல்லாம் பழைய கிரமத்துக்கு வந்துவிட்டது. பேனர்கள் முன்னைவிட நீளம். எனக்குப் பின் வந்த காரியதரிசி சுறுசுறுப்பான பிள்ளை. அவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தபோது, ‘இதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பிலேயே இருக்கே, சார்’ என்றார். குழுவில் எல்லாருடைய எண்ணும் இருக்கிறது, காலை வணக்கமும் இருக்கிறது. ரத்த வகை இல்லை. சாவி யாரிடம் என்பது இல்லை. குழுவிலேயே இல்லாதவர் யார் என்பதைக் குழு எப்படிச் சொல்லும்?

ரோட்டரியோ, அரிமா சங்கமோ, தெருவில் உள்ள நற்பணி மன்றமோ, எதில் நீங்கள் அங்கத்தினராக இருந்தாலும் சரி, அடுத்த பதவியேற்பு விழாவின் விருந்துக்குப் பந்தி எண்ணுவதற்கு முன்னால், ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கி, ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, நேரில் போய்க் கேட்டுக் கையால் எழுதுங்கள். பிரதிகள் மூன்று எடுத்து, மூன்று வெவ்வேறு தெருக்களில் உள்ள வீடுகளில் வையுங்கள். அங்கத்தினரில் பொத்தான் போன் வைத்திருப்பவர் யார் என்பது உங்கள் காரியதரிசிக்குத் தெரியுமா என்று இந்த வாரக் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள்.